சினைப்பைக் கட்டி: ஆபரேஷன் எப்போது, யாரிடம்?

மகளிர் நல மருத்துவராக 22 ஆண்டுகள் ஆகின்றன. அதில் 14 ஆண்டுகள் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கான அறுவை சிகிச்சையில்தான் கழிந்தன. கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்பியவர்களுக்கு நன்றி. அது இருந்தால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது.

கேள்வி (வயது 24, சேலம்): இரண்டு ஓவரியிலும் (சினைப்பையிலும்) சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, விட்டுவைத்தால் கேன்சராகிவிடும் என்கிறார்.

இல்லைம்மா. உங்களுக்கு இருப்பது பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு போலத் தெரிகிறது. ஊரில் எல்லோரும் அதையும் நீர்க்கட்டி என்றே சொல்வதால் வரும் குழப்பம் இது. அவை ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர்கூட இல்லாத, முழுதாக வளராத முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய கட்டி எதுவும் அங்கே இல்லை. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, எடை, சர்க்கரை எப்படி இருக்கின்றன என்று மட்டும் கவனியுங்கள்.

கேள்வி (வயது 31, திருச்சி): வலது ஓவரியில் 4.6 செ.மீ. கட்டி. ஒரே அறை, மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர். மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால்?

உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். மாதவிலக்கு நிற்காத வயதில் இப்படிப்பட்ட கட்டி பெரும்பாலும் அந்த மாதத்து முட்டை வளர்ந்த பைதான். இரண்டு மூன்று சுற்றில் தானாக வற்றிவிடும். அடுத்த ஸ்கேனை மாதவிலக்கு முடிந்த கையோடு எடுங்கள், அப்போதுதான் படம் தெளிவாக இருக்கும். கட்டி 7 செ.மீ. தாண்டினால் எம்ஆர்ஐ, ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று உயிர் போகிற வலி, கூடவே வாந்தி வந்தால் மூன்று மாதக் கணக்கை மறந்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கட்டியின் பாரத்தால் ஓவரி முறுக்கிக்கொண்டால் அப்படி வரும். சீக்கிரம் பிரித்துவிட்டால் ஓவரியைக் காப்பாற்றலாம்.

கேள்வி (திருநெல்வேலி): டாக்டர், அம்மாவுக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஏழு வருடம். வயிறு உப்புசம் என்று ஸ்கேன் எடுத்ததில் இடது ஓவரியில் 8 செ.மீ. கட்டி, உள்ளே பல அறைகள், ஒரு பக்கம் கெட்டியான சதை. ரத்தத்தில் சிஏ-125 என்ற பரிசோதனையின் அளவு 92. வியாழக்கிழமை லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளை போட்டு, கட்டியை எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

தம்பி, வியாழக்கிழமை வேண்டாம். அம்மாவுக்கு ஆபரேஷன் கண்டிப்பாக வேண்டும். ஆனால் இந்த ஆபரேஷன் இப்படி நடக்கக் கூடாது.

1990 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஸ்கேனில் பல அறைகள், கெட்டிப் பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறு இடத்தில் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிலக்கு நின்றிருந்தால் 3, நிற்காவிட்டால் 1. இரண்டையும் பெருக்கி, சிஏ-125 அளவாலும் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு மூன்று மூன்று ஒன்பது, அதைத் தொண்ணூற்றிரண்டால் பெருக்கினால் 828. 200-ஐத் தாண்டினாலே மகளிர் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். கேன்சர் என்று இது முடிவு கட்டுவதில்லை. ஆனால் கேன்சராக இருந்தாலும் சமாளிக்கத் தயாராக இருப்பவரின் கையில் கத்தி இருக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். ஓவரிக்குள்ளேயே அடங்கியிருக்கும் கேன்சரை உடையாமல் முழுதாக எடுத்தால் அது முதல் நிலையின் முதல் படி, 1ஏ. எடுக்கும்போது கட்டி உடைந்து உள்ளிருப்பது வயிற்றுக்குள் சிந்தினால் அதே கட்டி 1சி ஆகிவிடும். தேவைப்படாமல் போயிருக்கக்கூடிய கீமோ அதனால் தேவைப்படலாம். வேறு ஊரில் "சாதாரணக் கட்டி" என்று துளையிட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து பயாப்சி ரிப்போர்ட்டோடு என்னிடம் வந்த அம்மாக்கள் உண்டு. மறுபடி வயிற்றைத் திறக்கும்போது அவர்கள் கேட்கும் ஒரே கேள்வி, "முதல்லயே இத பண்ணிருக்கலாமே?" என்பதுதான். அதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

சரியாக நடந்தால் எப்படி நடக்கும் என்றும் சொல்கிறேன். முதலில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன். வயிற்றைத் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கும் நீரையோ, சலைன் விட்டுக் கழுவிய நீரையோ பரிசோதனைக்கு எடுப்போம். பிறகு கட்டியை ஓவரியோடும் குழாயோடும் முழுதாக எடுத்துத் தட்டில் வைத்து அப்படியே நோய்க்குறியியல் அறைக்கு அனுப்புவோம். அங்கே அதை அறுத்து, உறைய வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்குப் பெயர் ஃப்ரோசன் செக்‌ஷன். அரை மணி நேரம் போலக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். தியேட்டரில் போன் அடித்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். சாதாரணக் கட்டி என்றால் அதோடு முடித்துத் தைத்துவிடலாம். கேன்சர் என்றால் கருப்பை, மறுபக்க ஓவரி, குடலின் முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்பு மடிப்பு, தேவைப்பட்டால் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் அதே மேசையில் எடுத்துவிடுவோம்.

ஆகவே நாளைக்கே போய் இரண்டு கேள்வி கேளுங்கள். ஃப்ரோசன் செக்‌ஷன் வசதி இருக்கிறதா? கேன்சர் என்று வந்தால் மீதி ஆபரேஷனை யார் செய்வார்? இரண்டுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால் ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சரியான இடம் தேட ஒன்றிரண்டு வாரம் ஆவதால் கெட்டுப்போகாது, ஆனால் மாதக் கணக்கில் இழுக்காதீர்கள். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை இருக்கிறது. அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு முதலில் அந்த வேலையைப் பாருங்கள்.

கேள்வி (வயது 52, ஈரோடு): வெட்டாமல், ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே?

மார்பகக் கட்டிக்கு ஊசி பயாப்சி எடுப்பதைப் பார்த்துவிட்டு நிறைய பேர் இதைக் கேட்கிறீர்கள். ஓவரிக்கு அது பொருந்தாது. எடுத்த நீரில் கேன்சர் செல் இல்லை என்பதால் கட்டியில் கேன்சர் இல்லை என்று சொல்ல முடியாது. ஊசி குத்திய வழியாகச் செல்கள் சிந்தவும் வாய்ப்பு உண்டு. நோய் ஏற்கெனவே வயிறு முழுக்கப் பரவி, கீமோவில் தொடங்க வேண்டியவர்களுக்கு மட்டும் பரவிய இடத்திலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பார்ப்போம்.

கேள்வி (வயது 29, கோவை): சிஏ-125 அளவு 210. கூகுளில் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. மாதவிலக்கு நேரத்தில் எப்போதுமே தாங்க முடியாத வலி. ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட் என்று போட்டிருக்கிறது.

தூங்குங்கள் தங்கச்சி. 35 வரை சாதாரணம் என்பது உண்மைதான், ஆனால் சிஏ-125 கேன்சருக்கு மட்டும் உரிய பரிசோதனை இல்லை. சாக்லேட் சிஸ்ட், அதாவது கருப்பையின் உள்சுவர் போன்ற திசு ஓவரியில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அது நூற்றுக்கணக்கில் ஏறும். கருப்பை நார்க்கட்டி, கர்ப்பம், ஏன், மாதவிலக்கு நாளில் ரத்தம் கொடுத்தால்கூட ஏறும். நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும், வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர், எடைக் குறைவு, உயர்ந்த சிஏ-125 என்று பார்ப்பதற்கு அச்சு அசல் ஓவரி கேன்சர் போலவே இருக்கும். ஆறு மாத மாத்திரையில் குணமாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆரம்ப நிலை ஓவரி கேன்சரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இந்த அளவு உயர்கிறது. எண் நார்மல் என்பதால் மட்டும் யாரும் நிம்மதியாகிவிடவும் கூடாது.

கேள்வி (வயது 26, நாகர்கோவில்): கல்யாணமாகி எட்டு மாதம். 9 செ.மீ. கட்டி, உள்ளே கெட்டிப் பகுதி இருக்கிறது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவார்களா மேடம்?

இந்த வயதில் அப்படித் தொடங்கவே மாட்டோம். கட்டி இருக்கும் பக்கத்து ஓவரியையும் குழாயையும் மட்டும் எடுத்து, மறுபக்க ஓவரியையும் கர்ப்பப்பையையும் விட்டுவைப்பதுதான் வழக்கம். ஆரம்ப நிலை கேன்சராக இருந்தாலும் பலருக்கு இது முடியும். இளவயதில் வரும் முட்டைச் செல் கட்டிகள் கீமோவுக்கு மிக நன்றாகக் கட்டுப்படுபவை. ஆபரேஷனுக்கு முன், அந்தக் கட்டிகளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு எடுத்துவிடுங்கள். கட்டியை எடுத்த பிறகு எடுத்தால் தொடக்க அளவு தெரியாமல் போய்விடும்.

சம்மதப் படிவத்தில் "தேவைப்பட்டால் எதையும் எடுக்கலாம்" என்று பொதுவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "குழந்தை வேண்டும். இறுதி பயாப்சி வரும்வரை கர்ப்பப்பையையும் மறுபக்க ஓவரியையும் எடுக்க வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள். பெரிய கட்டிகளிலும், பார்டர்லைன் எனப்படும் இரண்டுங்கெட்டான் கட்டிகளிலும் ஃப்ரோசன் செக்‌ஷன் தவறலாம். தேவைப்பட்டால் இரண்டாவது முறை போய் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் திருப்பி வைக்க முடியாது.

கேள்வி (வயது 43, மதுரை): நார்க்கட்டிக்காகக் கருப்பையை எடுக்கிறார்கள். ஓவரி நன்றாக இருக்கிறதாம், ஆனாலும் "இனி எதற்கு அது, கேன்சர் வந்துவிடும், சேர்த்து எடுத்துவிடலாம்" என்கிறார்கள்.

குழந்தை பெற்று முடித்ததோடு ஓவரியின் வேலை முடிவதில்லை. 43 வயதில் இரண்டையும் எடுத்தால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்கும். குடும்பத்தில் மார்பக, ஓவரி கேன்சர் இல்லையென்றால் ஓவரிகளை விட்டுவையுங்கள். குழாய்களை மட்டும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம், ஓவரி கேன்சர் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி குழாயின் நுனியிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மாவுக்கோ சித்திக்கோ இந்த நோய் வந்திருந்தால் கதை வேறு. முதலில், இந்த கேன்சர்கள் குடும்பத்தில் பரம்பரையாக வருகின்றனவா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): அம்மாவுக்கு அடுத்த வாரம் புற்றுநோய் நிபுணரிடம் ஆபரேஷன். அவரிடம் "சாதாரணக் கட்டி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் உடைந்துவிடுவார். ஆபரேஷன் முடியும்வரை மறைக்கலாமா?

பாசத்தில்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் கையெழுத்துப் போடப்போவது அவர். சின்னத் துளை என்று நினைத்துப் படுத்தவர், தொப்புளுக்கு மேலிருந்து அடிவயிறு வரை தையலோடு கண் விழித்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார். பிறகு கீமோ என்று வந்தால் அதை எப்படி மறைப்பீர்கள்?

ஒரு சாயங்காலம், சொந்தபந்தம் யாரும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அம்மா, கட்டி சந்தேகமாத்தான் இருக்கு. எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். ரெண்டுக்கும் டாக்டர் தயாரா இருக்காங்க." இதில் பொய்யும் இல்லை, கேன்சர் என்ற முடிவும் இல்லை. என்னிடம் வரும் பாதி அம்மாக்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்று அவர்கள் மறைத்துக்கொண்டிருப்பார்கள்.