மணக்காத "மல்லி": வீட்டில் நிற்பது எந்த வகை?

சத்தியமங்கலம் பக்கம் "மல்லி" என்று சொல்லி வாங்கிய நாற்று பூத்தும் மணமில்லை, எந்த வகை என்று கேட்டிருக்கிறீர்கள்.

பூவை அப்புறம் பார்க்கலாம்ங்க. மொட்டு வெயிலுக்கும் தண்ணீருக்கும் தகுந்தபடி சிறுத்தும் பெருத்தும் ஏமாற்றும். கொழுந்தை விட்டு, நடுக்கொடியில் முற்றிய இலை நாலைந்து பறியுங்கள்.

ஒரே காம்பில் ஐந்து, ஏழு எனச் சிற்றிலைகள் எதிரெதிரே இருந்தால் அது பிச்சி, அதாவது ஜாதிமல்லி. மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்பும் ஓடும். ஒற்றை இலை போலத் தெரிந்து, அதன் அடியில் காது மாதிரி இரண்டு பொடி இலைகள் ஒட்டியிருந்தால் முல்லை. இங்கேதான் பலர் தவறுவது: சில இலைகளில் அந்தக் காது இருக்காது. ஒரே இலையைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

காதே இல்லாத தனி இலை, வழவழப்பு, உருண்டை மொட்டு என்றால் குண்டுமல்லி. தனி இலைதான், ஆனால் தண்டிலும் இலையிலும் பூனைமுடி போல ரோமம் தட்டுப்பட்டால் காக்கடா. அதில் மணம் குறைவு. உங்களுடையது இதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருமுறை பொழுது சாய்ந்தபின் மோந்து பாருங்கள். குண்டுமல்லி விரிவது அப்போதுதான், நடுப்பகலில் மொட்டு மணக்காது.

வகை தெரியாமல் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, செய்யாதீர்கள். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. புதுத் தளிரில்தான் பூ வரும். காலம் தவறி வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ போய்விடும்.