ஏழு அடுக்கில் நின்றுபோன புத்தகம்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். நெட்வொர்க்கிங் வேலைக்குப் போக ஆசை. அறிமுகப் புத்தகம் ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஏழு அடுக்குப் பாடத்தைத் தாண்ட முடியவில்லை. மனப்பாடம் செய்தாலும் மறந்துபோகிறது. நாகர்கோவிலில் கோர்ஸில் சேர்ந்துவிடட்டுமா சார்?
– வாசகி, குலசேகரம்

பதில்: புத்தகத்தை மூடிவிடாதீர்கள் அம்மா. அந்தப் பாடத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஏழு அடுக்கு என்பது, கேபிள் முதல் நாம் பார்க்கும் மென்பொருள் வரை நெட்வொர்க் வேலையை ஏழாகப் பிரித்து, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த மாதிரி வடிவம். இணையம் ஓடுவதோ டிசிபி/ஐபி என்ற விதிகளின் மேல்; இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் அதற்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று.

அடுக்குகள் எதற்கு என்பதைத் தக்கலையில் ஓர் அலுவலகத்தில்தான் புரிந்துகொண்டேன். 'நெட் வரவில்லை' என்று கூப்பிட்டிருந்தார்கள். போனதும் கேபிளைச் சந்தேகப்பட்டேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி, இரண்டு முனையிலும் புதிதாகப் பிளக் வைத்துக் கிரிம்ப் செய்தேன். கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டியையும் மாற்றினேன். மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் வெளியே உள்ள ஒரு சர்வரின் எண்ணைப் போட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளை அடித்தேன், பதில் வந்தது. பெயரைப் போட்டால் வரவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியில் ஓர் எண் தவறு! கோளாறு மேல் அடுக்கில், நான் கை வைத்ததோ அடிமட்டத்தில். எந்த இடத்தில் தேடுவது என்று காட்டத்தான் அடுக்குகள், ஒப்பிக்க அல்ல.

அதனால் கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். கணினியின் முகவரி எண்ணைக் காட்டும் 'ஐபிகான்ஃபிக்' கட்டளை கொடுத்தால் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண் வரும். என் வீட்டிலும் அப்படித்தான் வருகிறது. உள் உபயோகத்துக்கென ஒதுக்கிய எண்கள் அவை. 32 பிட் முகவரியில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான், உலகத்துக்குப் போதாது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு, உள் எண்ணை வெளி எண்ணாக மாற்றும் 'நேட்' பாடத்தைப் படித்தால் தானாகவே பிடிபடும்.

அடுத்து, தகவல் போகும் வழியைக் காட்டும் 'டிரேசர்ட்' கட்டளை. தகவல் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. வழியில் பாக்கெட்டை அடுத்த இடத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். டிரேசர்ட் வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்புகிறது. நாகர்கோவில் போக வேண்டியவர் முதல் தடவை திருவட்டாறு வரைக்கும், அடுத்த தடவை தக்கலை வரைக்கும் டிக்கெட் எடுத்து, இறக்கிவிட்ட இடத்தின் பெயரை எழுதிக்கொள்வது போல. பதில் சொல்லாத ரவுட்டர்களும் உண்டு. அங்கே நட்சத்திரக் குறி வரும், பயப்பட வேண்டாம்.

கணினிக்கு வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளையும் பாருங்கள். கடைக் கணினி என்றால் முதலாளியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இணைப்பு தொடங்கும்போது சின், சின்-ஆக், ஆக் என்று மூன்று வரி அடுத்தடுத்து வருவதைப் பார்த்தால் டிசிபி பாடம் மறக்காது.

கோர்ஸ் இப்போது வேண்டாம். ரவுட்டர், சுவிட்ச் பழக சிஸ்கோ நிறுவனத்தின் பேக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. டிஎன்எஸ் பாடத்தில் ஆரம்பியுங்கள். சந்தேகம் வந்தால், திரையில் என்ன வந்தது என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள்.