நெடுந்தீவுக்குப் போங்கள்

வணக்கம் ஐயா,

போன ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போனோம். ஹேவ்லாக்கில் கடலுக்கு முன்னால் கூட்டம்தான் கண்ணில் பட்டது. மாலத்தீவு நம் வருமானத்துக்குக் கட்டாது. ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு தீவு, மதுரையிலிருந்து போய்வருகிற மாதிரி இருந்தால் சொல்லுங்கள். நான்கு நாள் லீவு கிடைக்கும்.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தமானிலேயே நீல் தீவு, லாங் தீவு என்று கூட்டம் குறைந்தவை உண்டு. லட்சத்தீவும் உண்டு, அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் போங்கள் என்பேன். இலங்கையில், யாழ்ப்பாணத்தை ஒட்டிய கடலில் இருக்கும் தமிழ் பேசும் தீவு.

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. அங்கே இரவு பஸ் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணம். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகாட்டுவான் துறை. பிறகு ஒரு மணி நேரம் படகு. நான்கு நாள் பத்தாது, ஆறாக்கிக்கொள்ளுங்கள்.

தென்னையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அது பனையின் ஊர். பவளப்பாறைக் கற்களைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிச்சுவர்கள் தெருத்தெருவாகப் போகும். வெட்டவெளியில் குதிரைகள் மேயும். போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் விட்டுப்போனவற்றின் வாரிசுகள் அவை. டெல்ஃப்ட் என்று தங்கள் ஊர்ப் பெயரை இந்தத் தீவுக்கு வைத்ததும் ஒல்லாந்தர்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்குமரம் ஒன்று இருக்கிறது, அதன் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம்.

ஆள் நடமாட்டமே இல்லாத தீவு என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தை என்னை உறுத்தியது. யாழ்ப்பாணத்துத் தீவுகளின் அமைதி போரில் வந்தது. புங்குடுதீவில் பஸ் ஜன்னல் வழியே பாருங்கள், கூரை போன வீடுகள் வரிசையாக வரும். இடம்பெயர்ந்தவர்கள் பலர் திரும்பவில்லை. நீங்கள் படகில் போகும் அதே கடலில்தான், 1985 மே 15 அன்று, குமுதினிப் படகில் வந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு நெடுந்தீவில் நினைவிடம் இருக்கிறது. கடலுக்குப் போகும் முன் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.

அப்புறம் தண்ணீர். அது சுண்ணாம்புக்கல் தீவு. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். கூடுதலாக இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். பெரிய ரிசார்ட் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பயமாக இருப்பது இதனால்தான். நாங்கள் போனபோது ஒரு கடைக்கார அம்மா, "எங்கையிருந்து வாறியள்?" என்றார். மதுரை என்றதும் "மீனாட்சியம்மன் ஊரோ?" என்று உள்ளே போய் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. குடம் சுமந்து கொண்டுவந்த தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். மழை முடிந்து குளங்களில் தண்ணீர் நிற்கும், குதிரைகள் அங்கே வரும். காலையில் போய் மாலைப் படகைப் பிடிக்க ஓடிவராதீர்கள். ஊர்க்காரர்கள் வீட்டில் இடம் கேட்டு, இரண்டு இரவு தங்குங்கள்.