வாசகர் கேள்வி–பதில்: கிறிஸ்துமஸ் நாளில் வரும் டாக்டர்

கேள்வி: பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரை நான் இதுவரை பார்த்ததில்லை. அதன் கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்கலாமா? (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: தாராளமாகத் தொடங்கலாம். 1963 நவம்பரில் ஆரம்பித்து, இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2005-இல் புத்துயிர் பெற்ற தொடர் இது. பண்டிகை நாளில் தொடரின் முன்கதை தெரியாதவர்களும் தொலைக்காட்சி முன் அமர்வார்கள் என்பதால், அதன் கிறிஸ்துமஸ் அத்தியாயங்களில் பல தனித்துப் பார்க்கத்தக்கவை. ஸ்டீவன் மோஃபட் எழுதி 2010-இல் ஒளிபரப்பான ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ என் தேர்வு. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கதையின் அமைப்பைத் தழுவியது என்றாலும், அதில் ஒரு கருமியின் மனத்தை மாற்ற ஆவிகள் செய்த வேலையை இங்கே காலப்பயணம் செய்கிறது. வானத்து மேகங்களையே அடக்கி ஆளும் இயந்திரம் ஒன்றின் உரிமையாளரான கஸ்ரான் என்னும் கடுநெஞ்சக் கிழவர் (மைக்கேல் கேம்பன்), நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யும் விண்கலம் விழுந்து நொறுங்கப்போவதை அறிந்தும் உதவ மறுக்கிறார். தொடரின் நாயகனும் காலப்பயணியுமான டாக்டர் (மேட் ஸ்மித்), அவர் மனத்தை மாற்றுவதற்காக அவருடைய சிறுவயதுக்கே போய்விடுகிறார்.

கேள்வி: கடந்த காலத்தை மாற்றினால், நிகழ்காலத்தில் இருக்கும் கிழவருக்கு அது எப்படித் தெரியும்? (ஒரு கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: அந்த அத்தியாயத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. தன் பழைய ஒளிப்பதிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கிழவர், அதற்குள் டாக்டர் நுழைவதைக் காண்கிறார். காணக் காணப் புதிய நினைவுகள் அவருக்குள் சுரக்கின்றன, பழையவையும் அழிவதில்லை. இதை விஞ்ஞானமாக நிறுவ முயலாமல், முதியவரின் முகத்திலேயே நடத்திக்காட்டியிருப்பது மிகச் சிறந்த முடிவு என்பேன். ஆயினும் டாக்டரின் திட்டம் எளிதில் பலிப்பதில்லை. உறைநிலையில் வைக்கப்பட்டிருக்கும் அபிகெய்ல் (பாடகி கேத்தரின் ஜென்கின்ஸ்) என்ற பெண்ணை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவிலும் எழுப்பி மகிழும் இளைஞன் கஸ்ரான், நோயுற்ற அவளுக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு நாள்தான் என்று அறிந்ததும், வேறொரு காரணத்தால் பழைய கசப்புக்கே திரும்புகிறான். இறுதியில் சிறுவனான தன்னையே நேரில் கண்டு, அவனை அடிக்கக் கை ஓங்கும்போது, தன்னை அடித்த தந்தையைத் தனக்குள் உணர்ந்து கிழவர் உடைந்துபோகிறார். மனம் மாறிய பிறகோ, முற்றிலும் வேறு மனிதராகிவிட்ட அவரை இயந்திரம் அடையாளம் காண மறுக்கிறது. டாக்டரின் வெற்றியே அவருக்குத் தடையாகிவிடும் இந்தத் திருப்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: இச்சிறப்பு அத்தியாயங்கள் ஏன் புத்தாண்டுக்கு மாறின? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 2005 முதல் 2017 வரை ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்றே அவை வந்தன. தொடரின் தலைமை எழுத்தாளராகக் கிறிஸ் சிப்னல் பொறுப்பேற்ற பின், 2019 முதல் சில ஆண்டுகள் ஜனவரி 1-க்குச் சென்று, 2023-இல் கிறிஸ்துமஸ் நாளுக்கே திரும்பின. புத்தாண்டு என்னும் நாளைக் கதையாகவே ஆக்கிக்கொண்டது 2022-இல் வந்த ‘ஈவ் ஆஃப் த டாலெக்ஸ்’ ஒன்றுதான் என்பது என் கருத்து: ஆண்டின் கடைசி இரவில், பொருள்களைச் சேமித்துவைக்கும் கட்டடம் ஒன்றில் சிக்கியவர்கள், டாக்டரின் பழைய எதிரிகளான வேற்றுக்கிரக டாலெக்குகளால் மீண்டும் மீண்டும் கொல்லப்பட்டு மீண்டும் மீண்டும் எழுகிறார்கள், ஒவ்வொரு சுற்றிலும், நள்ளிரவுக்கு முன் அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு நிமிடம் குறைந்துகொண்டே வருகிறது.