எட்டு ஃபாலன்க்ஸ் இருந்தும் ஏன் தோற்கிறோம்?

கேள்வி: 'ரோம்: டோட்டல் வார்' கணினிப் போர் விளையாட்டில் கிரேக்க நகரங்கள் அணியை எடுத்திருக்கிறேன். எட்டு ஹாப்ளைட் (கேடயமும் ஈட்டியும் ஏந்திய கிரேக்கக் காலாள்) யூனிட்டை ஒரே வரிசையில் நிறுத்தி, ஃபாலன்க்ஸ் என்ற நெருக்கமான ஈட்டி அணிவகுப்பைப் போட்டாலும் ரோமானியரிடம் தோற்கிறேன். குதிரைகளை அனுப்பினால் அவையும் செத்துவிடுகின்றன. எந்த யூனிட் எதற்கு?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: இந்த விளையாட்டில் சிறப்புத் திறன் எதுவும் சும்மா கிடைப்பதில்லை. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்ளும். ஃபாலன்க்ஸ் போட்டதும் ஈட்டிகள் தாழ்ந்து சுவர்போல நிற்கும். அதற்கு விலையாக நடை தளர்ந்துவிடும், திரும்புவது பெரும்பாடு. நேரே வருபவனுக்கு அது எமன். பக்கவாட்டில் வருபவனுக்குத் திறந்த வீடு.

நீங்கள் தோற்பது அந்த ஓரங்களில்தான். ரோமானியரின் வாள்வீரர்களான ஹஸ்தாத்தி நேரே வந்து உங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள, இன்னொரு யூனிட் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் வரும். வலது ஓரம் இன்னும் மோசம். கேடயத்தின் பாதுகாப்பு முன்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மட்டும்தான். வலப்பக்கத்திலிருந்தோ முதுகிலிருந்தோ வரும் அம்புக்கும் எறிஈட்டிக்கும் கேடயம் கணக்கில் சேராது. கி.மு. 197-ல் ரோமானியரும் மாசிடோனியரும் மோதிய சைனோசெஃபாலே போரில் நடந்ததும் இதுதான். மாசிடோனியரின் வலது ஃபாலன்க்ஸ் ரோமானியரைச் சரிவில் தள்ளிக்கொண்டே போனது. ரோமானிய அதிகாரி ஒருவர் 20 மேனிப்பிள்களை (ரோமானியச் சிறு படைப்பிரிவுகளை) திருப்பிக் கொண்டுபோய் அதன் முதுகில் அடித்தார். அந்த நீண்ட ஈட்டிகளோடு திரும்பிப் போராட வழியே இல்லை.

ஆகவே வரிசையை 'ப' வடிவில் மாற்றுங்கள். அடிக்கோடு எதிரியைப் பார்த்து ஐந்து யூனிட், பின்னோக்கி மடங்கும் இரண்டு கைகளில் வெளிப்பக்கம் பார்த்தபடி ஒவ்வொன்று. எட்டாவதை ஃபாலன்க்ஸ் போடாமல் நடுவில் வையுங்கள், எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே ஓடட்டும். வலது பொத்தானை அழுத்தி இழுக்கும்போது வீரர்கள் நான்கைந்து வரிசை ஆழம் நிற்கும்படி பாருங்கள். அகலத்துக்கு ஆசைப்பட்டு இரண்டு வரிசையாக மெலிந்தால் நடுவில் கிழிந்துவிடும். மிலிஷியா ஹாப்ளைட்டுகளுக்கு மனோபலம் குறைவு. அவர்களை நடுவில் வைத்து, ஓரங்களில் கவச ஹாப்ளைட்டுகளை நிறுத்துங்கள். ஓரத்தில் ஒரு யூனிட் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவனும் கலங்குவான்.

நகரத்துக்குள் சண்டை என்றால் இந்தக் கவலை பாதி தீர்ந்தது. சிக்பேட்டைச் சந்து மாதிரி இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் தெருவில், சுற்றிவர வேறு தெரு இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டு ஃபாலன்க்ஸை முன்னும் பின்னுமாக நிறுத்தினால் பெரிய படையையே தடுத்துவிடலாம்.

குதிரை விஷயத்துக்கு வருவோம். ஈட்டி முனையைப் பார்த்து எந்தக் குதிரையையும் விடாதீர்கள், ரோமானியரின் ஈட்டி வீரர்களான ட்ரையாரி நிற்கும் பக்கம் போகவே வேண்டாம். குதிரையின் பலமெல்லாம் மோதும் அந்தக் கணத்தில்தான். எதிரி வரிசை உங்கள் ஃபாலன்க்ஸில் முழுசாகச் சிக்கும்வரை பொறுங்கள். பிறகு குதிரைகளைச் சுற்றி நடத்திக் கொண்டுபோய் எதிரியின் முதுகுக்கு நேரே நிறுத்துங்கள். ஓடிவர இடம் விட்டு, இரட்டைக் கிளிக்கில் ஏவுங்கள். வேகம் பிடித்துக் கடைசி சில அடிகளில் வேல்கள் தாழ்வது திரையில் தெரியும். தாழாமல் போய் முட்டினால் அது சார்ஜ் (பாய்ந்து மோதுவது) ஆகாது, வெறும் நெரிசல். மோதியதும் அங்கேயே நின்று வெட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வெளியே இழுத்து மறுபடி மோத வேண்டும். கொல்லன் பட்டறையில் அடைகல்லும் சம்மட்டியும் போல: ஃபாலன்க்ஸ் அடைகல், குதிரை சம்மட்டி. கிரேக்க அணியின் சொந்தக் குதிரைகள் சுமார்தான் என்பதால், முதுகைத் தவிர வேறு எங்கும் அவற்றைச் செலவழிக்க வேண்டாம். தளபதியின் குதிரைகளையும் முதல் மோதலில் இறக்காதீர்கள். அவர் விழுந்தால் மொத்தப் படையின் மனோபலமும் சரியும்.

எறிஈட்டி வீரர்களான பெல்டாஸ்டுகளை ஹாப்ளைட்டுகளுக்குப் பின்னால் நிறுத்துவது வழக்கமான தவறு. எறிஈட்டி தாழ்வாகப் போய் சொந்த ஆட்களின் முதுகிலேயே குத்தும். முதலில் அவர்கள் வரிசைக்கு முன்னால் நின்று எறியட்டும், எதிரி நெருங்கியதும் ஓரங்களுக்கு இழுத்துவிடுங்கள். கைகலப்பு தொடங்கியதும் தானாக எய்யும் 'ஃபயர் அட் வில்' பொத்தானை அணையுங்கள். தீ அம்பு எதிரியை மிரட்டும், ஆனால் குறி தவறும். யானைகள் வந்தால் அதுதான் மருந்து. கூலிப்படையாக கிரீட் வில்லாளிகள் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ரோமானிய லீஜியன் படைகள் டெஸ்டூடோ (ஆமை அணிவகுப்பு) போட்டுக் கேடயக் கூரைக்குள் புகுந்துவிட்டால் அம்பை வீணாக்காமல் நிறுத்துங்கள். அந்த அமைப்பில் அவர்களால் நன்றாக வாள்வீச முடியாது.

படையையும் களத்தையும் நீங்களே அமைக்கும் கஸ்டம் பேட்டிலில் சமதளம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எட்டு ஹாப்ளைட், இரண்டு குதிரை எடுத்து எட்டு ஹஸ்தாத்தியோடு மோதிப் பாருங்கள். இரண்டு வரிசைகளும் மோதும் நொடியில் 'P' விசையை அழுத்திப் போரை நிறுத்தி, எந்த ஹஸ்தாத்தி இன்னும் யாரோடும் சிக்காமல் இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் ஓரத்தைச் சுற்றி வரப்போவது அதுதான். எட்டாவது யூனிட்டை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு குதிரைகளைத் தொடுங்கள்.