பகாவிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வர எந்தப் பழைய கார் ஏற்றது?

பகாவை அடுத்த தோட்டத்தில் குடியிருப்பதாகவும், கோலா பிலாவில் வேலை என்பதால் தினமும் போகவர ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருப்பதாகவும், மாதத்தில் ஓரிரு முறை பெற்றோரைச் சிரம்பான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகவும் எழுதி, 22,000 ரிங்கிட்டுக்குள் உடம்பு நோகாத, செலவு வைக்காத பழைய கார் எது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்றாகப் பராமரிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை பெரோடுவா மைவி 1.3, அதாவது 2011 முதல் 2017 வரை விற்பனையான வண்டி. மாடலை முடிவு செய்வது ஒரு மாலைப் பொழுதின் வேலைதான். அந்த மாடலில் ஒரு நல்ல வண்டியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். நானும் இந்த வட்டாரத்துக்காரன். உறவினர்களும் நண்பர்களும் கார் பார்க்கப் போகும்போது உடன் செல்வது என் வழக்கம் என்பதால், அங்கே கண்டவற்றை வைத்தே எழுதுகிறேன்.

சிக்கனம் என்றதும் நம்மவர்கள் பெட்ரோலைத்தான் முதலில் நினைக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் ஓட்டம் மாதத்துக்கு 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 83 லிட்டரும், 16 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 94 லிட்டரும் தேவைப்படும். 2025 செப்டம்பர் இறுதியில் மைகார்ட் உள்ளவர்களுக்கு நடைமுறைக்கு வந்த 1.99 ரிங்கிட் விலையில், இந்த இரண்டு கார்களுக்கும் இடையிலான வித்தியாசம் மாதத்துக்கு இருபது ரிங்கிட்டை ஒட்டித்தான் வருகிறது. லிட்டருக்கு 11 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் பெரிய காருடன் ஒப்பிட்டால், 16 கிலோமீட்டர் ஓடும் கார் மாதத்துக்கு ஏறக்குறைய 85 ரிங்கிட்டை மிச்சப்படுத்தும். அது கவனிக்க வேண்டிய தொகை. ஆகவே சிறிய கார் என்ற முடிவு சரியானதே. ஆனால் சிறிய கார்களுக்குள்ளேயே எது கொஞ்சம் கூடுதலாக ஓடும் என்று மாதக்கணக்கில் அலசுவதில் பயனில்லை. ஒரு தானியங்கிக் கியர்பெட்டி பழுதானால் ஆகும் செலவு, அப்படிச் சேமித்த பல ஆண்டுப் பெட்ரோல் காசை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

சாலை வரியில் பெரிய குழப்பம் இல்லை. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1,201 முதல் 1,400 சிசி வரை 70 ரிங்கிட், 1,401 முதல் 1,600 சிசி வரை 90 ரிங்கிட். அதற்கு மேல் போனால்தான் ஏறுகிறது. இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு 380 ரிங்கிட்டை ஒட்டி வரும். காப்புறுதியில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இழப்பீடு கோராததற்கான கழிவு காரோடு வருவதில்லை, உரிமையாளரோடு போய்விடும். இது உங்கள் முதல் கார் என்றால் கழிவே இல்லாத முழுத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டிலிருந்து 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45 என்று உயர்ந்து 55 விழுக்காட்டில் நிற்கும். முதலாண்டுக் காப்புறுதியைச் சேர்க்காமல் பட்ஜெட் போட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு காரணம். சிறுநகரத்தில் வாழ்கிறவர் கார் வாங்கும்போது, அது பழுதானால் யார் பார்ப்பார் என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பெரோடுவா, புரோட்டோன் வண்டிகளின் உதிரிப் பாகங்கள் பெரும்பாலும் உள்ளூர்க் கடையிலேயே கிடைத்துவிடும். நம் பட்டறைப் பொமன்கள் அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு பழைய ஐரோப்பியக் காரை வாங்கினால், ஒரு சென்சருக்காக வண்டி நாள்கணக்கில் பட்டறையில் நிற்கும். தோட்டத்துக்குள் பேருந்து வராத நிலையில், அத்தனை நாளும் நீங்கள் யாரிடமாவது வண்டி கேட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும். விலை மலிவான காரைவிடப் பழுதை எளிதில் பார்க்க முடிகிற காரே நமக்குச் சிக்கனமானது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

மைவியை முன்வைப்பதற்கு மேலும் சில காரணங்கள் உண்டு. அதன் கூரை உயரமானது, இருக்கையும் சற்று மேலே இருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் குனிந்து விழாமல் உட்கார்ந்து எழ முடியும். எஞ்சினில் டைமிங் செயின் இருப்பதால், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை பெல்ட் மாற்றும் செலவு இல்லை. நான்கு வேகத் தானியங்கிக் கியர்பெட்டி பழங்காலத்து அமைப்புதான், ஆனால் உழைக்கக்கூடியது. கோலா பிலாவைத் தாண்டிப் புக்கிட் புத்துஸ் மேட்டில் நான்கு பேரோடும் குளிரூட்டியோடும் ஏறும்போது, 1.3 எஞ்சின் சத்தம் போட்டாலும் திணறுவதில்லை. பெரோடுவாவின் சிறிய கார் அக்சியா 2014-இல் வந்தது. 998 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலில் அதை மிஞ்சுவது கடினம். தனியாக வேலைக்கு மட்டும் போய்வருபவருக்கு அதையே சொல்லுவேன். ஆனால் அது எடை குறைந்த வண்டி. செம்பனைக் குலை ஏற்றிய லோரி எதிரே வேகமாகக் கடக்கும்போது காற்று அதைத் தள்ளுவதை உணரலாம், சாலைச் சத்தமும் உள்ளே அதிகம் கேட்கும். பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து மேடேறவும் வேண்டும் என்கிறபோது எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை.

2016-இல் வந்த பெரோடுவா பெசாவின் பின்பெட்டி 508 லிட்டர் கொள்ளும். சக்கர நாற்காலி வைக்க வேண்டிய குடும்பத்துக்கு மிகவும் ஏற்றது. 1.3 எஞ்சினோடு உங்கள் தொகைக்குள் நல்ல நிலையில் கிடைத்தால் மைவியை விட்டுவிட்டு அதை எடுங்கள், தயங்க வேண்டாம். சவாரியின் மென்மையில் புரோட்டோன் சாகாவை நான் மேலாக மதிக்கிறேன். குண்டும் குழியுமான தோட்டச் சாலையில் அதன் அடிப்பகுதி அமைதியாக இருக்கும். இரண்டு விஷயங்களை மட்டும் பார்க்க வேண்டும். அதன் கேம்ப்ரோ எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினையே திறக்க வேண்டிவரும் என்பதால், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது கேளுங்கள், ரசீது இல்லையென்றால் வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். மற்றொன்று, 2011-இல் வந்த எஃப்எல்எக்ஸ் தொடங்கி 2019 வரையிலான பெரும்பாலான தானியங்கி வண்டிகளில் சிவிடி எனப்படும், படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாக மாறும் கியர்பெட்டி இருக்கிறது. அதன் எண்ணெய் உரிய காலத்தில் மாற்றப்பட்டதற்குச் சான்று இல்லாத வண்டியை நான் தொடமாட்டேன். கையால் கியர் மாற்றும் சாகா இந்தக் கவலை இல்லாதது, விலையும் குறைவு. உங்கள் உரிமம் தானியங்கிக்கு மட்டுமான டிஏ வகையா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டா வியோஸ், ஹோண்டா சிட்டி இரண்டும் நல்ல வண்டிகள்தான், ஆனால் அதே பணத்துக்கு வயது கூடிய வண்டிதான் கிடைக்கும். அவற்றில் சில ஆண்டு வண்டிகள், குறைபாடுள்ள தக்காத்தா நிறுவனக் காற்றுப்பைகளை மாற்றுவதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடம் விசாரித்தால் மாற்றப்பட்டதா என்பது தெரியும்; மாற்றப்படவில்லையென்றால் இலவசமாகவே மாற்றித் தருவார்கள். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

காரைப் பார்க்கும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பணம் காப்பாற்றப்படுவதும் பறிபோவதும் இங்கேதான். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், முதலில் பானட்டின்மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், விற்பவர் உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை உயிர்பெறும்போது வரும் சத்தத்தையும் புகையையும் நீங்கள் பார்க்கவிடாமல் செய்திருக்கிறார். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற கசடு இருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரில் நிறமுள்ள குளிர்விப்பு நீர் இருக்கிறதா, துருப்பிடித்த குழாய்த் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். குழாய்த் தண்ணீரில் ஓடிய வண்டி சமதரையில் ஒன்றும் காட்டாது, மேட்டில்தான் கொதிக்கும். அதனால் ஓட்டிப் பார்க்கும்போது பகாவ் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பாதீர்கள். விற்பவரின் சம்மதத்தோடு ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள், பிறகு ஒரு கரடுமுரடான சாலையில் மெதுவாக ஓட்டி, அதிர்வைத் தாங்கும் அப்சோர்பரும் ரப்பர் புஷ்களும் தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுங்கள்.

குளிரூட்டியைக் காலையில் சோதித்துப் பயனில்லை. இயன்றால் நண்பகல் வெயிலில் இன்னொரு முறை போய், வண்டியை நிறுத்தி வைத்தபடியே கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ஓடும்போது குளிர்ந்து நிற்கும்போது சூடேறினால் அதில் குறை இருக்கிறது. தோட்டப்புறத்தில் நின்ற வண்டியில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். பானட்டுக்குள் கூடு கட்டி மின்கம்பிகளைக் கடித்துவிடும். கடிபட்ட கம்பிகளுக்குக் கறுப்பு டேப் சுற்றிய அவசரத் தையல் வேலை இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். காரணம் தெரியாமல் எரியும் எச்சரிக்கை விளக்குகள் பலவற்றுக்கு இதுவே மூலம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னும் ஆபத்தானது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பகுதிகளில் வந்த பெருவெள்ளத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் மூழ்கின. அப்படிப்பட்ட வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலங்களில் விலைபோக வாய்ப்புண்டு. இருக்கை வாரை முழுவதும் இழுத்து அதன் அடிமுனையில் சேற்றுக் கறை இருக்கிறதா, இருக்கைகளைத் தாங்கும் தண்டவாளங்களில் துரு ஏறியிருக்கிறதா, விரிப்பின் அடியில் ஈர வாடை வருகிறதா என்று பாருங்கள். மீட்டர் எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. எண்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், மிதியைத்தான் நம்புவேன். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இவ்வளவும் பார்த்த பிறகு, உங்களுக்கு வேண்டிய ஒரு பொமனை அழைத்துச் சென்று வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை நான் ஒருபோதும் வீண் செலவாக எண்ணமாட்டேன். பெயர் மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் சோதனை எஞ்சின் எண், சேஸிஸ் எண் போன்றவை உண்மையானவையா என்று பார்ப்பதற்கு; கியர்பெட்டி இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லாது.

நம் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அதை மனத்தில் பட்டபடி சொல்லிவிட வேண்டும். ‘சம்புங் பாயார்’ என்று, இன்னொருவர் பெயரில் உள்ள காரை வாங்கி அவருடைய தவணையைத் தொடர்ந்து கட்டும் ஏற்பாட்டுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். முன்பணம் குறைவு, வங்கிச் சரிபார்ப்பு இல்லை என்பதெல்லாம் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் கார் சட்டப்படி உங்களுடையது ஆவதே இல்லை. நீங்கள் ஒழுங்காகக் கொடுத்த பணத்தை இடையில் உள்ளவர் வங்கியில் கட்டாமல் விட்டால், வண்டி ஒரு நாள் இழுத்துச் செல்லப்படும். கேட்பதற்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி விவகாரமும் சிக்கலாகும். உங்கள் பெயருக்கு மாற்ற முடியாத எந்தக் காருக்கும் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வண்டியின் பதிவுப் பத்திரமான கெரானில் உள்ள எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா, முந்தைய கடன் தீர்ந்துவிட்டதா, சம்மன் பாக்கி இருக்கிறதா என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். வியாபாரியிடம் வாங்கிப் பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரிக்கை வைக்கலாம்; அதற்கு அவர் சொன்ன வாக்குறுதிகள் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடன் வாங்குவதானால் தவணைக் காலத்தைச் சுருக்குங்கள். தொடக்கக் கடன் முழுவதன்மீதும் வட்டி கணக்கிடும் முறையில், 18,000 ரிங்கிட்டுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றால், ஐந்து ஆண்டுகளில் 3,600 ரிங்கிட்டும் ஏழு ஆண்டுகளில் 5,040 ரிங்கிட்டும் வட்டியாகப் போகும். மாதத் தவணை 360-க்குப் பதிலாக 274 ஆகக் குறைவது உண்மைதான். ஆனால் பத்து வயது காருக்கு அதன் பதினேழாம் வயது வரை தவணை கட்டுவது, பழுதுச் செலவும் தவணையும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோகும்.

அதனால் 22,000 முழுவதையும் காருக்கே போடாமல், 19,000-ஐ ஒட்டிய வண்டியைப் பார்த்து, மீதியைக் காப்புறுதிக்கும் முதல் மாத வேலைகளுக்கும் ஒதுக்குங்கள். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், குளிர்விப்பு நீர், பிரேக் எண்ணெய், காற்று வடிகட்டிகள் ஆகியவற்றை முதல் வாரத்திலேயே மாற்றிவிடலாம். செம்மண் தூசியில் ஓடும் வண்டிக்கு வடிகட்டிகளை அதன் பிறகும் அடிக்கடி பார்க்க வேண்டும். டயர்கள் பழையவை என்றால் அவற்றை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள். மழையில் இறக்கத்தில் வரும்போது அவைதான் உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டும். பார்த்து வைத்திருக்கும் வண்டியின் ஆண்டு, ஓடிய தூரம், கேட்கும் விலை ஆகியவற்றை இங்கே எழுதினால், என்னால் இயன்றவரை பார்த்துச் சொல்கிறேன்.