கியாந்தி டூர்: முதலில் பண்ணையின் பெயரைக் கேளுங்கள்

கேள்வி: அக்டோபரில் நானும் மனைவியும் ஃபிளாரன்ஸில் மூன்று இரவு தங்குகிறோம். கோவையில் ஒரு ஏஜென்ட், அங்கே டஸ்கனி மாநிலத்திலுள்ள ஒயின் பகுதிக்கு 'கியாந்தி ஃபுட் அண்ட் ஒயின் டூர்' என்று நபருக்கு 190 யூரோ கேட்கிறார். முழுப் பணமும் முன்கூட்டியே வேண்டுமாம். இதற்கு வாடகைக் கார் எடுத்து நாங்களே போகலாமா? மனைவி சுத்த சைவம், மது தொடமாட்டார்.

பதில்: கார் வேண்டாம் சார். இத்தாலியில் ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. ஒரு திராட்சைப் பண்ணையில் நாலைந்து ஒயின் ஊற்றுவார்கள், நீங்கள் இரண்டு பண்ணைக்குப் போவீர்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மனைவி ஓட்டுவார் என்றாலும், ஃபிளாரன்ஸுக்குள் ‘இசட்டிஎல்’ என்று ஒரு வம்பு இருக்கிறது. அனுமதி இல்லாத வண்டி நுழையக்கூடாத பகுதி, வாசலில் கேமரா. பலகையில் ‘வார்கோ அத்திவோ’ என்று எரியும். ஆக்டிவ் என்றால் வழி திறந்திருக்கிறது என்று நம்மவர்கள் நுழைந்துவிடுவார்கள். கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே என்று அர்த்தம். அந்த நேரத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராதச் சீட்டு அனுப்ப 360 நாள் அவகாசம் வைத்திருக்கிறார்கள்! என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஊர் திரும்பி எட்டாவது மாதம் வந்தது. உங்கள் முகவரியை போலீசுக்குக் கொடுத்ததற்கு கார் கம்பெனி தனியாக ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும். என்ன நியாயமோ!

இப்போது அந்த 190 யூரோ. அது அதிகமா குறைவா என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பண்ணை என்று எழுதிக் கொடுத்தாரா? ‘டஸ்கனியின் பாரம்பரிய ஒயினரி’ என்று மட்டும் போட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள். இங்கிருக்கும் ஏஜென்ட் அங்கிருக்கும் ஏஜென்டிடம் வாங்குவார், அவர் பஸ்காரரிடம் வாங்குவார். கடைசியில் ஐம்பது பேரோடு ஒரு விற்பனைக் கூடத்தில் இறக்கிவிடுவார்கள். பிளாஸ்டிக் தட்டில் நாலு துண்டு பிரெட், மேலே டிரஃபிள் எனும் மண்ணுக்கடியில் வளரும் காளானின் பெயரில் ஓர் எண்ணெய். அந்த எண்ணெய் பெரும்பாலும் செயற்கை வாசனைதான். வாங்கச் சொல்லி நச்சரிப்பார்கள், மயங்காதீர்கள்.

இன்னொன்று, கியாந்தி வேறு, கியாந்தி கிளாசிக்கோ வேறு. ஃபிளாரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவிலுள்ள மலைப்பகுதிதான் கிளாசிக்கோ. 1716லேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ பிரபு எல்லை வகுத்த மண் அது. பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்கும், ஒயினில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்ஜோவேசே திராட்சை. ஏஜென்ட் காட்டும் படத்தில் சேவல் இருக்கிறதா என்று பாருங்கள்.

மனைவியின் சாப்பாடு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மெனுவில் சைவம் என்று போட்டிருந்தாலும் பார்மிஜானோ சீஸ் வந்துவிடும். அது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட் (பாலை உறையவைக்கும் பொருள்) இல்லாமல் செய்யப்படுவதில்லை, சட்டமே அப்படித்தான். அங்கே அதை யாரும் அசைவமாக நினைப்பதில்லை, அதனால் ‘சைவமா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். ஆனால் பெக்கோரினோ எனும் செம்மறிப்பால் சீஸில் சில பண்ணைகள் தாவர ரெனெட் போடுகின்றன. எல்லாப் பெக்கோரினோவும் அப்படி இல்லை, ஒரே கடையில் இரண்டு வகையும் இருக்கும். லேபிளில் ‘காலியோ வெஜெடாலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் எடுக்கலாம். இதை ஏஜென்டிடம் வாயால் சொல்லாமல், பண்ணைக்கே மெயிலில் எழுதிப் பதில் வாங்குங்கள். கறுப்பாகத் தடவிய பிரெட் வந்தால் தொட வேண்டாம், அது கோழி ஈரல். தக்காளியும் பிரெட்டும் சேர்த்து வேகவைத்த ‘பாப்பா அல் பொமொதோரோ’ பொதுவாகப் பயமில்லை. மனைவி ஒயின் குடிக்காததற்கு விலை குறைப்பார்களா என்றும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் பண்ணையின் பெயரைத் தர மறுத்தால் விட்டுவிடுங்கள். ஃபிளாரன்ஸிலிருந்து கியாந்தி பகுதியிலுள்ள கிரேவே ஊருக்குச் சாதாரண பஸ்ஸே போகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். பண்ணைக்கு நேரடியாக எழுதி நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பஸ் வருவதே அபூர்வம்.